புரட்சிப் போரில் பெண்கள்: அச்சோவியங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி

கையில் ஆயுதத்தோடு ஒரு பெண் நிற்கும் படத்தைப் பார்த்ததும் "வீரப் பெண்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் கண் அதோடு வேலையை நிறுத்திவிடும். அவள் கை என்ன செய்கிறது, காலடியில் என்ன கிடக்கிறது, முகம் தெரிகிறதா, ஓவியர் எங்கே நின்றுகொண்டு அவளைப் பார்க்கிறார் என்பதையெல்லாம் கவனிக்காமலே விட்டுவிடுவோம்.

அச்சோவியங்களை, அதாவது தகட்டிலோ மரத்திலோ கல்லிலோ உருவாக்கித் தாளில் அச்சாக எடுக்கும் படங்களை, இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பொருள்தான்: மக்கள் எழுச்சியிலும் புரட்சிப் போரிலும் பெண்கள். ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய திரை உள்ள கணினி, ஒரு பென்சில், கொஞ்சம் தாள் போதும். கைப்பேசியில் பார்த்தால் சரிவராது, ஏனென்றால் இந்தப் படங்களில் முக்கியமானவை பல கைவிரல்களிலும் மூலைகளிலும்தான் இருக்கின்றன. கீழே வரும் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில், படம் எப்படி அச்சானது என்று பாருங்கள்

செய்முறை தெரியாமல் இந்தப் படங்களுக்குள் போக முடியாது. ஆனால் தெரிய வேண்டியது அதிகமில்லை. எட்சிங் என்பது செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, அதை ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவது. கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டினால் பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். அக்வாடிண்ட் என்பது இதோடு சேர்ந்து வரும் ஒரு உத்தி. தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, பிறகு அரிக்கவிட்டால், கோடு இல்லாமல் சாம்பல் நிறப் பரப்பு கிடைக்கும். மரச்செதுக்கும், மரத்துக்குப் பதில் லினோலியம் என்ற மென்மையான விரிப்பில் செதுக்கும் லினோகட்டும் இதற்கு நேர் எதிர். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகும், செதுக்காமல் விட்ட மேடு கறுப்பாகும். லித்தோகிராஃப் என்றால் வழவழப்பான கல்லில் கொழுப்புள்ள கிரேயானால் வரைவது. அங்கே பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்பதை வைத்துத்தான் அச்சு நடக்கிறது.

இதில் இரண்டு விஷயம் உடனே கைகொடுக்கும். ஒன்று, இப்படி நேரடியாக அழுத்தி எடுத்த படம் இடம்வலமாகப் புரண்டிருக்கும். ஓவியர் தகட்டில் வலப்பக்கம் வரைந்தது தாளில் இடப்பக்கம் வரும். இன்னொன்று, ஒரே தகட்டில் பல பிரதிகள் எடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு அச்சோவியத்தையும் பார்த்து "இது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டே ஆக வேண்டும். மெக்சிகோவில் போசாதா செதுக்கிய படங்கள் அந்தோனியோ வனேகாஸ் அரோயோவின் அச்சகத்திலிருந்து சில்லறைக் காசுக்குத் தெருவில் விற்ற தாள்களில் வந்தவை. ஸ்பெயின் ஓவியர் கோயாவின் போர்ப் படங்களோ அவர் உயிரோடிருந்தவரை வெளியிடப்படவே இல்லை. இரண்டிலும் பெண்கள் இருக்கிறார்கள், இரண்டும் அச்சோவியங்கள்தான். ஆனால் ஒன்று சந்தைக்கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறது, மற்றொன்று பூட்டிய அறைக்குள் பேசுகிறது.

அடுத்து, அவள் ஒரு பெண்ணா, ஒரு கருத்தா?

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அச்சுகளைத் திறந்தால் சுதந்திரம், குடியரசு, பகுத்தறிவு எல்லாமே பெண் வடிவில் நிற்கும். தலையில் சிவப்புத் தொப்பி, கையில் ஈட்டி, உடம்பில் காலத்தைச் சேராத ஒரு ஆடை. இவளுக்குப் பசிக்காது. இவளுக்குக் குழந்தை இருந்தாலும் அழாது. இப்படிப்பட்ட உருவங்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவை அரசியலைப் பற்றிச் சொல்வது நிறைய, ஆனால் போரில் இருந்த பெண்களைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

அதே காலத்தில் வந்த இன்னொரு அச்சைப் பக்கத்தில் வையுங்கள். 1789 அக்டோபர் 5ஆம் தேதி பாரிஸின் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்து போனார்கள். அதைக் காட்டும், வரைந்தவர் பெயர் இல்லாத ஒரு படம் 'வெர்சாய்க்கு, வெர்சாய்க்கு' என்ற தலைப்போடு இருக்கிறது. ஈட்டி, கவைக்கோல் எல்லாம் தூக்கிக்கொண்டு பெண்கள் பீரங்கியை இழுத்துப் போகிறார்கள். ஒரு ஓரத்தில் நல்ல உடையும் தொப்பியும் போட்ட ஒருத்தியும் இருக்கிறாள், வர மனமில்லாத அவளையும் சேர்த்துக் கூட்டிப் போகிறார்கள். அந்தத் தயங்கும் பெண்தான் எனக்கு இந்தப் படத்தின் உயிர். கருத்தை வரைகிறவர் தயக்கத்தை வரைய மாட்டார். நேரில் பார்த்தவரோ, பார்த்தவர்களிடம் கேட்டவரோதான் வரைவார்.

கோயா: முகம் தெரியாத பீரங்கிக்காரி

ஃப்ரான்சிஸ்கோ கோயாவின் 'போரின் பேரழிவுகள்' வரிசையைப் புரட்சி என்று சொல்ல முடியாது, அது நெப்போலியனின் படைக்கு எதிராக 1808 முதல் ஸ்பெயின் மக்கள் நடத்திய போர். ஆனாலும் இங்கிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். சாதாரணப் பெண்கள் போரில் செய்ததையும் அவர்களுக்குச் செய்யப்பட்டதையும் ஒரே தொகுப்புக்குள் ஒருவர் இவ்வளவு நெருக்கத்தில் வைத்தது இங்கேதான். 1810 முதல் 1820 வரை வேலை செய்திருக்கிறார். கோயா 1828இல் இறந்தார், படங்கள் 1863இல்தான் 80 தகடுகளோடு வெளிவந்தன.

7ஆம் எண் படத்தை எடுங்கள். தலைப்பு 'என்ன துணிச்சல்!' 1808 கோடையில் சரகோசா நகரம் முற்றுகையில் இருந்தபோது, பீரங்கியடியில் இருந்த ஆண்கள் விழுந்த பிறகு அகுஸ்தினா என்ற இளம்பெண் திரியைப் பற்றவைத்துப் பீரங்கியைச் சுட்டார் என்பது ஸ்பெயினில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோயாவின் படத்தில் பெரிய பீரங்கி, அதன் அருகே வெளிர் உடையில் ஒரு பெண், அவள் காலடியில் பிணங்கள். அந்தப் பிணங்களின்மேல் ஏறித்தான் அவளுக்குப் பீரங்கியின் உயரம் எட்டுகிறது. பின்னணி ஏறக்குறைய வெறுமை. அவள் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள், முகம் தெரியவில்லை.

இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். அகுஸ்தினா அன்றே புகழ்பெற்றவர். 1812-13இல் காதிஸ் நகரில் ஹுவான் கால்வெஸ், பிரம்பிலா இருவரும் வெளியிட்ட சரகோசா இடிபாடுகள் பற்றிய அச்சுத் தொகுப்பில் அவருடைய உருவத்தை முகத்தோடு காணலாம். கோயாவும் 1808இலேயே சரகோசாவுக்குப் போய் வந்தவர். விரும்பியிருந்தால் முகத்தை வரைந்திருக்கலாம். வரையவில்லை, தலைப்பிலும் பெயர் போடவில்லை. பேர்பெற்ற நாயகியை எடுத்து யாராகவும் இருக்கக்கூடிய ஒருத்தியாக்கிவிட்டார். அவளுக்கு முன்னால் எதிரியும் தெரியவில்லை, வெற்றியும் தெரியவில்லை. தெரிவதெல்லாம் அவள் முதுகும், அவள் மிதித்து நிற்கும் உடல்களும்.

அப்புறம் முன்னும் பின்னும் புரட்டுங்கள். 4ஆம் படத்தின் தலைப்பு 'பெண்கள் துணிவு தருகிறார்கள்.' அடுத்ததான 5ஆம் படத்தில் ஒருத்தி ஒரு கையால் குழந்தையை இடுப்போடு அணைத்துக்கொண்டு மறுகையால் ஈட்டியைச் சிப்பாயின் உடம்பில் பாய்ச்சுகிறாள். தலைப்பு அவர்களைக் கொடிய விலங்குகள் என்கிறது. பாராட்டா, பயமா? எனக்கு இரண்டுமே கேட்கிறது. 9ஆம் படத்தில் ஒரு சிப்பாய் ஒரு பெண்ணைப் பிடித்திழுக்கிறான், அவள் அவன் முகத்தைப் பிறாண்டுகிறாள், பின்னால் ஒரு கிழவி கத்தியை ஓங்கிக்கொண்டு வருகிறாள். தொடர்ந்து 10, 11 இரண்டும் வன்புணர்வுக் காட்சிகள். 7ஆம் படத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துச் சுவரொட்டியாக்கினால் அது வீரம். 4 முதல் 11 வரை சேர்த்துப் பார்த்தால், அந்தப் பெண் ஏன் பீரங்கியிடம் ஓடினாள் என்பதும் அதில் இருக்கிறது, ஓட முடியாதவர்களுக்கு என்ன ஆனது என்பதும் இருக்கிறது.

ஆகவே தொகுப்பாக வந்த அச்சுகளில் ஒற்றைப் படத்தை எடுத்துக்கொண்டு பேசாதீர்கள். எண் வரிசைப்படி முழுவதையும் ஒரு முறை புரட்டிவிட்டு, பிறகு பிடித்ததற்குத் திரும்புங்கள்.

கேத்தே கோல்விட்ஸ்: நேரம் ஒதுக்கி உட்கார வேண்டிய இடம்

இந்தப் பொருளில் ஒரே ஒரு ஓவியரைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் கோல்விட்ஸைப் பாருங்கள். 1867இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர், பெர்லினில் வாழ்ந்தவர். கணவர் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மருத்துவர். அவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்களின் முகங்களையும் கைகளையும் கோல்விட்ஸ் தினமும் பார்த்தார், அவை அப்படியே படங்களுக்குள் வந்தன.

முதல் பெரிய தொகுப்பு 'நெசவாளர் எழுச்சி', 1893 முதல் 1897 வரை செய்த 6 படங்கள். அதில் ஊர்வலப் படத்தைப் பாருங்கள். கோடரி தூக்கிய ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் முதுகில் தூங்கும் குழந்தையைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். ஆலை முதலாளி வீட்டு வாசலைத் தாக்கும் படத்தில் பெண்கள் தரையிலிருந்து கற்களைப் பெயர்த்துக் கொடுக்கிறார்கள். எறிவது ஆண்கள், எறியக் கல் கொடுப்பது பெண்கள். 1898இல் பெர்லின் கண்காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம் தர நடுவர்கள் பரிந்துரைத்தார்கள், இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் மறுத்துவிட்டார்.

சரி, இனி 'விவசாயிகள் போர்' தொகுப்புக்கு வருவோம். ஜெர்மனியில் 1524-25இல் விவசாயிகள் நிலப்பிரபுக்களுக்கு எதிராக எழுந்தார்கள், கொடூரமாக அடக்கப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் ஸிம்மர்மன் அந்தப் போரின் வரலாற்றை எழுதினார். அதில் கறுப்பு அன்னா என்ற ஒரு குடியானவப் பெண் விவசாயிகளை உசுப்பிவிடுகிறாள். கோல்விட்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

தொகுப்பில் 7 படங்கள். 5ஆவது படத்தின் ஜெர்மன் பெயர் 'லோஸ்ப்ரூக்', தமிழில் 'பாய்ச்சல்' என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய எட்சிங். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒரு கூட்டம் அரிவாள், கவைக்கோல், கொடியோடு பாய்கிறது. முன்னால் ஓடுகிறவர்களின் உடம்பு ஏறக்குறைய தரைக்கு இணையாகச் சாய்ந்திருக்கிறது. அந்த ஓட்டத்துக்குப் பக்கவாட்டில், நமக்கு மிக அருகில், கறுப்பு உடையில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். இரண்டு கைகளும் மேலே தூக்கியிருக்கின்றன.

இப்போது படத்தைப் பெரிதாக்கிக் கைகளுக்குப் போங்கள். விரல்கள் விரிந்து நேராக இல்லை. முறுக்கேறி வளைந்து, எதையோ காற்றிலிருந்து பிய்த்தெடுப்பது போல இருக்கின்றன. உழைத்துக் காய்த்துப்போன கைகள் அவை. ஆயுதம் எதுவும் இல்லை. அவள் ஓடவும் இல்லை. கூட்டமே ஓடும்போது அவள் மட்டும் தன் இடத்தில் ஊன்றி நின்று, உடம்பு முழுவதையும் ஒரு அழைப்பாக மாற்றியிருக்கிறாள். அவள் வயது என்ன, அழகா, கோபமா, அழுகிறாளா, எதுவும் நமக்குத் தெரியாது. கோயாவைப் போலவே இவரும் முகத்தை மறைத்துவிட்டார், ஆனால் காரணம் வேறு. கோயாவின் பெண்ணை நாம் விலகி நின்று பார்க்கிறோம். கோல்விட்ஸின் பெண்ணுக்குப் பின்னால், அவள் தோளுக்கு மேலாக அவள் பார்ப்பதையே நாமும் பார்க்கும்படி நம்மை நிறுத்தியிருக்கிறார். கூட்டத்தை அவளுடைய இடத்திலிருந்து பார்க்கிறோம்.

இன்னும் பெரிதாக்கினால் தரையிலும் உடையிலும் துணி நெசவு போன்ற ஒரு சொரசொரப்பு தெரியும். அது உண்மையிலேயே துணியின் தடம். மென்மையான மெழுகுப் பூச்சின்மேல் துணியை வைத்து அழுத்தி, அந்த இழைகளின் தடத்தைத் தகட்டில் ஏற்றி அரிக்கவிட்டிருக்கிறார். அதோடு கோடு, அக்வாடிண்ட், ஊசியால் நேரடியாகத் தகட்டைக் கீறும் டிரைபாயிண்ட் எல்லாம் ஒரே தகட்டில். மண்ணும் துணியும் ஒரே மாதிரி முரடாக இருப்பதால் அந்தப் பெண் வயலிலிருந்தே எழுந்து வந்தவளாகத் தெரிகிறாள்.

முக்கியமான செய்தி ஒன்று. இது 5ஆவது படம் என்றாலும் 1902-03இலேயே, மற்றவற்றுக்கு முன்பு முடிந்தது. இதைப் பார்த்துத்தான் வரலாற்று ஓவியத்துக்கான ஒரு சங்கம் முழுத் தொகுப்பையும் செய்து தரக் கேட்டது. உச்சக் காட்சி கைக்கு வந்துவிட்டது, இனி அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். அதற்கு அவருக்கு 1908 வரை ஆனது. அந்த யோசனையில் கிடைத்த படங்கள் 'பாய்ச்சல்' படத்தைவிட ஆழமானவை என்பது என் எண்ணம்.

முதல் படம் 'உழவர்கள்': மனிதர்கள் மாட்டுக்குப் பதில் ஏரில் பூட்டப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது, வன்புணரப்பட்ட பெண். மிதிபட்ட தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே அவள் மல்லாந்து கிடக்கிறாள், முகம் நிழலில் பின்னுக்குப் போயிருக்கிறது. செய்தவன் படத்திலேயே இல்லை. இலைகளுக்கு மேலே வேலிக்கு அப்பால் ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது, அதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். எழுச்சிக்கான காரணங்களில் இதை இரண்டாவதாக வைத்தது கோல்விட்ஸின் முடிவு. வரி, பசி, அடிமை உழைப்பு என்று அடுக்கி வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் காரணம் அது.

மூன்றாவது 'அரிவாள் தீட்டுதல்', 1905. நீளமான புல்லரிவாளின்மேல் சாய்ந்துகொண்டு ஒரு பெண் சாணைக்கல்லால் தீட்டுகிறாள். இருட்டுக்குள் அவள் முகம், பாதி மூடிய கண்கள், கை. வேறெதுவும் இல்லை. என்ன செய்யப் போகிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்குள் உருவாகிறது. இந்தப் படத்துக்கு முன் கோல்விட்ஸ் செய்து கைவிட்ட ஒரு தகடு இருக்கிறது. அதில் பின்னாலிருந்து ஒரு ஆண் உருவம் அவள்மேல் குனிந்து அவளைத் தூண்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறுதிப் படத்தில் அந்த ஆளை எடுத்துவிட்டார். யாரும் அவள் காதில் ஓதவில்லை, அவளே யோசிக்கிறாள். ஓவியர் எதைச் சேர்த்தார் என்பதைப் போலவே எதை நீக்கினார் என்பதையும் தேடிப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான்காவதில் ஆயுதம் எடுத்தவர்கள் நிலவறைப் படிக்கட்டில் மேலேறுகிறார்கள். பிறகு 'பாய்ச்சல்'. ஆறாவது 'போர்க்களம்', 1907. இரவு. குனிந்த ஒரு பெண் உருவம் விளக்கோடு பிணங்களுக்கிடையே தேடுகிறது. வெளிச்சம் விழுவது இரண்டே இடத்தில்: இறந்த ஒரு இளைஞனின் முகத்திலும், அவன் மோவாயைத் தொடும் அவள் கையிலும். நரம்பு புடைத்த, முட்டி வீங்கிய கை. ஐந்தாவது படத்தில் மேலே எழுந்த கைகளைப் பார்த்துவிட்டு இந்தக் கைக்கு வாருங்கள். இரண்டு பெண்களும் ஒருத்தியா என்று கோல்விட்ஸ் சொல்லவில்லை, ஆனால் 5ஆவதிலிருந்து 6ஆவதுக்குத் திரும்பும் யாருக்கும் அந்தக் கேள்வி எழும். ஏழாவதில் கயிற்றால் பிணைக்கப்பட்டு நெருக்கியடித்து நிற்கும் கைதிகள்.

அதே ஓவியர் பிற்காலத்தில் என்ன செய்தார் என்று தேடுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். 1914 அக்டோபரில் கோல்விட்ஸின் இளைய மகன் பீட்டர், தானாக முன்வந்து படையில் சேர்ந்தவர், பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். 'போர்க்களம்' படத்தில் மகனைத் தேடும் தாயை அவர் வரைந்து 7 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1921-22இல் செய்த 'போர்' தொகுப்பில் 7 மரச்செதுக்குகள். எட்சிங்கின் நுண்மையான சாம்பல் நிறங்களை விட்டுவிட்டு முழுக் கறுப்பு, முழு வெள்ளைக்கு வந்துவிட்டார். ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளை 1920இல் பார்த்தது இதற்கு ஒரு தூண்டுதல். முதல் படத்தில் ஒரு தாய் கைக்குழந்தையை முன்னால் நீட்டிப் பலி கொடுக்கிறாள். இரண்டாவதில் இளைஞர்கள் முரசு கொட்டும் மரணத்தின் பின்னால் போகிறார்கள். ஆறாவதில் தாய்மார்கள் பிள்ளைகளை நடுவில் வைத்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒரே கறுப்புத் திரளாக நிற்கிறார்கள். கைகள் இப்போது மேலே எழவில்லை, உள்பக்கமாக வளைந்து மூடுகின்றன. 1941-42இல் அவர் செய்த கடைசி லித்தோகிராஃபிலும் இதே சைகைதான், ஒரு கிழவி மூன்று பையன்களைத் தன் மேலங்கிக்குள் அடக்கிக் கைகளால் மூடிக்கொள்கிறாள்.

கறுப்பு அன்னாவை வரைந்தவரும் இவரே, பிள்ளைகளை மூடிக்கொள்ளும் தாயை வரைந்தவரும் இவரே. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிடாதீர்கள். 'பாய்ச்சல்' படத்தை மட்டும் பகிர்ந்து அவரைப் போருக்கு அழைத்தவர் என்பவர்களும் உண்டு, தாய்மார்கள் படத்தை மட்டும் பகிர்ந்து அவரை அழுகையின் ஓவியர் என்பவர்களும் உண்டு. இரண்டும் எனக்கு வருத்தம் தருகிறது. அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கேள்வியோடு மல்லாடியவர், அந்த மல்லாட்டம் முழுவதும் தாளில் இருக்கிறது.

மெக்சிகோ: மூட்டையும் பிள்ளையுமாக நடந்தவர்கள்

1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியில் படையோடு பெண்களும் போனார்கள். அவர்களுக்குப் பெயர் சொல்தாதேரா. சோளம் தேடி, அரைத்து, சுட்டு, காயத்துக்குக் கட்டுப்போட்டு, பிள்ளை பெற்று, ரயில் கூரைமேல் பயணம் செய்து, தேவைப்பட்டபோது சுட்டும் இருக்கிறார்கள். பின்னாளில் பாட்டும் நாட்காட்டிப் படமும் இவர்களைத் தோட்டாப் பட்டை குறுக்காகப் போட்ட அழகிகளாக மாற்றிவிட்டன. அச்சோவியங்களைப் பார்க்கும்போது அந்த அழகியை ஒதுக்கிவைத்துவிட்டு, சால்வைக்குள் என்ன கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இதற்கு நான் காட்ட விரும்பும் படம் ஹோசே க்ளெமெந்தே ஒரோஸ்கோவின் 'பின்படை', 1929இல் வந்த லித்தோகிராஃப். அகலத் தொப்பி வைத்த ஆண்களும் பெண்களும் கூட்டமாக நம்மைவிட்டு விலகி நடக்கிறார்கள். பெண்களின் முதுகில் சால்வையில் கட்டிய குழந்தைகள், ஆண்களின் தோளில் துப்பாக்கி. இங்கேயும் முதுகுதான். ஆனால் கோயாவின் முதுகில் ஒரு செயல் இருக்கிறது, கோல்விட்ஸின் முதுகில் ஒரு அழைப்பு இருக்கிறது, ஒரோஸ்கோவின் முதுகில் இருப்பது பாரம். எங்கே போகிறார்கள் என்று தெரியாது, போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்த மூன்று படங்களையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் கொடுக்கும் முதல் பயிற்சி.

1937இல் லியோபோல்தோ மெந்தெஸ், பாப்லோ ஓஹிகின்ஸ், லூயிஸ் அரேனால் போன்றவர்கள் மக்கள் அச்சோவியப் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்கள் பெரும்பாலும் கையாண்டது லினோலியம். மலிவு, வேகமாகச் செதுக்கலாம், நிறையப் பிரதி எடுக்கலாம். 1947இல் புரட்சியைப் பற்றி 85 லினோகட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். இந்தப் பட்டறையில் பெண்களும் வேலை செய்தார்கள். மரியானா யம்போல்ஸ்கி ஒருவர். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர் எலிசபெத் கேட்லெட் இன்னொருவர். 1946-47இல் கேட்லெட் செதுக்கிய 15 படங்களில் அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் வருகிறார். கையை நீட்டி வழிகாட்டுகிறார், பின்னால் மக்கள் வரிசையாக வருகிறார்கள். நீட்டிய அந்தக் கையைப் 'பாய்ச்சல்' படத்தின் கைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே அவர் முகமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. பெயர் அழிக்கப்பட்ட ஒரு மக்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதும் புரியும்.

படங்கள் எங்கே பயணம் செய்தன

அச்சு தாளில் இருப்பதால் எல்லை தாண்டும். 1931இல் ஷாங்காயில் இளம் எழுத்தாளர் ரௌ ஷி கொல்லப்பட்டபோது, அவர் நினைவாகச் சீன எழுத்தாளர் லூ ஷுன் ஒரு இதழில் கோல்விட்ஸின் பலி படத்தை, குழந்தையை நீட்டும் தாயை, வெளியிட்டார். 1936இல் கோல்விட்ஸின் 21 படங்களைத் தொகுத்து 103 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். அந்தச் சிறு எண்ணிக்கை சீனாவின் இளம் மரச்செதுக்குக் கலைஞர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நமக்கு அருகில், வங்காளத்தில், சித்தபிரசாத், சோம்நாத் ஹோர் என்ற ஓவியர்கள் இருவரிடமும் கோல்விட்ஸின் தடம் தெரியும். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டத்தை 1946இல் ரங்பூருக்குப் போய்ப் பார்த்து வரைந்தவர் ஹோர். பிற்பாடு அவற்றிலிருந்து மரச்செதுக்குகள் வந்தன.

நடைமுறைக்குச் சில

கோல்விட்ஸுக்கு ஜெர்மனியின் கொலோன் நகரிலும் பெர்லினிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கொலோன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தொகுப்புகளை வரிசைப்படி பார்க்கலாம். கோயாவுக்கு மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தின் தளம் நல்லது. தேடல் பெட்டியில் வரும் முதல் படத்தை நம்பாதீர்கள், பல படங்கள் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், சில இடம்வலம் புரண்டிருக்கும்.

ஒவ்வொரு படத்தையும் பென்சிலால் உள்ளங்கை அளவுக்குக் கிறுக்கிப் பாருங்கள். அழகாக வர வேண்டியதில்லை. பெண்ணின் உடம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது, கூட்டம் எந்தப் பக்கம் போகிறது, அடர்ந்த கறுப்பு எங்கே என்று மூன்று நான்கு கோட்டில் பிடித்தால் போதும். அப்புறம் திரையில் படத்தை இடம்வலமாகப் புரட்டுங்கள், தகட்டில் ஓவியர் பார்த்தது அதுதான். 'பாய்ச்சல்' படத்தைப் புரட்டினால் கூட்டம் இடமிருந்து வலமாக, நாம் எழுதும் திசையிலேயே ஓடும், வேகம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். தாளில் அது கண்ணின் பழக்கத்துக்கு எதிராக ஓடுவதால்தான் அவ்வளவு முரட்டுத்தனம்.

ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் கிடைத்தால் ஒப்பிடுங்கள். தகடு தேயத் தேய டிரைபாயிண்டின் மெத்தென்ற கறுப்பு முதலில் போகும், பிறகு அக்வாடிண்டின் சாம்பல் வெளிறும். விலைக்கு வாங்கும் எண்ணம் இருந்தால், கோயாவானாலும் கோல்விட்ஸானாலும் ஓவியர் காலத்துக்குப் பிறகு எடுத்த பிரதிகளும் நிழற்பட முறையில் எடுத்த நகல்களும் சந்தையில் ஏராளம். எட்சிங் என்றால் தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருக்க வேண்டும். ஆனால் அது இருப்பதால் மட்டும் எந்தக் காலத்துப் பிரதி என்று சொல்லிவிட முடியாது, தாளையும் பதிப்பையும் தெரிந்தவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சென்னையில் இருப்பவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மையத்தில் அச்சோவியக் கூடம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அங்கேயோ அருகிலுள்ள கவின்கலைக் கல்லூரி ஒன்றிலோ கேட்டு, தகட்டை அமிலத்தில் போடுவதையும் அச்சு எடுப்பதையும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால், நான் மேலே செய்முறை பற்றி எழுதிய பத்தி முழுவதும் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். பார்த்துவிட்டு வந்த கையோடு 'அரிவாள் தீட்டுதல்' படத்தை மறுபடி திறந்து, அந்தப் பெண்ணின் கண்ணிமையைச் சுற்றி இருக்கும் இருட்டு கோட்டால் வந்ததா, அக்வாடிண்டால் வந்ததா, துணித் தடத்தால் வந்ததா என்று தேடுங்கள்.